ஜூன் மாதத்திலேயே வருஷம் முழுமைக்கும் வாங்காதீர்கள்: பள்ளிச் சாமான் கணக்கு

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைத்தெருவுக்குள் போனால் நிற்க இடமிருக்காது. 30 இஞ்ச் பேண்ட் தீர்ந்துபோய் 34 மட்டும் தொங்கும். ‘வளர்ற பையன்தானே, வாங்கிக்கோங்க’ என்பார் கடைக்காரர். அந்த நெரிசலில் விலை பத்து இருபது கூடுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அளவு தப்பிய பேண்ட், வீட்டில் ஏற்கனவே இருக்கிற ஸ்கேல், ஆசிரியர் கேட்காத நோட்டு என்று வாங்கி வந்து சேர்ப்பதில்தான் கை கடிக்கும்.

அதனால் வாங்குவதை மூன்றாகப் பிரியுங்கள். துணியும் தையலும் மே முதல் வாரம். நோட்டும் புத்தகமும் பள்ளி திறந்து லிஸ்ட் வந்த பிறகு. மழைக்கோட்டு ஆகஸ்டில்; ஸ்வெட்டர், மூன்றாவது செட் சீருடை எல்லாம் காலாண்டு, அரையாண்டுப் பரீட்சைக்கு அப்புறம். மாங்காய்க் காசு கைக்கு வருகிற கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளுக்கு மே, ஜூனில் கொஞ்சம் தெம்பு இருக்கும். தக்காளியை நம்பியிருக்கிற பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் அந்த உறுதியும் கிடையாது. யாராக இருந்தாலும் ஒரே மாதத்தில் மொத்தச் செலவையும் இழுத்துப்போட்டால் கைமாத்தில்தான் போய் முடியும்.

முதலில் வீட்டில் இருக்கிறதைக் கணக்கெடுங்கள்

கடைக்குப் போகுமுன் போன வருஷத்துப் பை, டப்பா, பீரோவின் கீழ்த்தட்டு மூன்றையும் தரையில் கொட்டிப் பாருங்கள். ஜியோமெட்ரி பாக்ஸில் காணாமல் போவது பெரும்பாலும் செட் ஸ்கொயரும் கவராயத்துக்கான குட்டிப் பென்சிலும்தான். அதற்காகப் புது பாக்ஸ் வாங்க வேண்டியதில்லை, உதிரியாகவே கிடைக்கும். கவராயத்தின் திருகு தளர்ந்து வட்டம் போடும்போது கால் விரிந்தால் மட்டும் மாற்றுங்கள். முறுக்கினாலும் அது நிற்காது.

பழைய நோட்டில் மிச்சமிருக்கிற வெள்ளைத் தாள்தான் பலரும் எடைக்குப் போட்டுவிடுகிற பொருள். பின் அடித்த நோட்டாக இருந்தால் நடுவில் உள்ள பின்னை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுங்கள். இரண்டு பக்கமும் எழுதாத முழுத் தாள்களை மட்டும் மடிப்பு கலையாமல் உருவுங்கள். மடித்த தாள் ஒன்றுக்கு நான்கு பக்கம், ஆக 40 தாள் சேர்ந்தால் 160 பக்க ரஃப் நோட்டு. இருபது இருபதாக இரண்டு கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் மடிப்பிலும் மூன்று ஓட்டை போட்டு, கோணி ஊசியில் சணல் நூல் கோத்துத் தையுங்கள். நடு ஓட்டையில் தொடங்கி நடு ஓட்டையிலேயே முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு ஓரத்தில் விழுந்தால் இழுக்கிற இழுப்பில் தாள் கிழிந்துவிடும். நாற்பதையும் ஒரே கட்டாக மடித்தால் உள்தாள்கள் வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். பழைய காலண்டர் அட்டை மேலுறைக்குப் போதும்.

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் லிஸ்ட் இன்னும் சுருங்கும். பாடப்புத்தகமும், பத்தாம் வகுப்பு வரை நோட்டும் விலையில்லாமல் வருகின்றன. சத்துணவுத் திட்டத்தில் இருக்கிற 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நான்கு செட் சீருடை. புத்தகப் பை, காலணி, வண்ணப் பென்சில், ஜியோமெட்ரி பாக்ஸ் என்று வகுப்புக்குத் தக்கபடி மற்றதும் வரும். எல்லாம் முதல் நாளே கைக்கு வராது என்பதால்தான் அவசரப்பட்டுக் கடையில் வாங்கிவிடுகிறார்கள். பழைய சீருடையின் ஓரத்தைப் பிரித்துவிட்டு ஒரு மாதம் ஓட்டலாம். இலவசச் சீருடை அளவில் கொஞ்சம் முன்பின் இருப்பது வழக்கம். அதை வாங்கியதும் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்வதுதான் உண்மையான செலவு, அதற்குத் தனியாகக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மே மாதம் சைக்கிள் வாங்கப் போகிறவர்களும் பொறுக்கலாம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் தருகிறார்கள்.

துணி எடுப்பதும் தைப்பதும்

ரெடிமேட் சட்டை பேண்ட் தொடக்கத்தில் மலிவு. ஆனால் உள்மடிப்பு அரை இஞ்ச்தான் விட்டிருப்பார்கள், பிரித்துவிட ஒன்றுமே இருக்காது. துணி எடுத்துத் தைத்தால் கூலி சேர்ந்து விலை ஏறும், ஒரு வருஷம் கூடுதலாக உழைக்கும். எல்.கே.ஜி.யிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை ரெடிமேடே போதும், முழங்காலைத் தேய்த்தே கிழித்துவிடுவார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து தைப்பது லாபம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பர்கூர் இருக்கிறது. ஜவுளிக் கடைகள் வரிசையாக நிற்கிற ஊர். ஒரு வீட்டுக்கு மூன்று மீட்டர் வாங்க மட்டும் அங்கே போனால் பஸ் செலவுக்கே சரியாகிவிடும். ஒரே பள்ளியில் படிக்கிற நாலைந்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேர்த்து எடுத்தால்தான் விலையில் குறைப்பு கிடைக்கும். அப்படி எடுக்கும்போது எல்லா மீட்டரும் ஒரே தானிலிருந்து (முழுத் துணிச் சுருளிலிருந்து) வெட்டியதா என்று பாருங்கள். நிறம் ஒன்றுதான் என்று கடையில் சொன்னாலும், சாயம் வேறு நாள் ஏற்றிய தான் என்றால் வெயிலில் வித்தியாசம் தெரியும். சட்டை ஒரு நீலம், பாவாடை ஒரு நீலம் என்று நிற்கும். கடைக்குள் டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள். சாயம் போகுமா என்று பார்க்க, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையை ஓரத்தில் பத்துத் தடவை தேய்த்தால் போதும்.

எவ்வளவு துணி என்பதில்தான் கடைக்காரரும் தையல்காரரும் ஆளுக்கொன்று சொல்வார்கள். கணக்கு நம் கையில் இருக்கட்டும். துணியின் அகலத்தை முதலில் கேளுங்கள். 58 இஞ்ச் அகலத் துணியில், 30 இஞ்ச் நீள பேண்டுக்குக் கீழ்மடிப்பு 4, இடுப்பு 2 சேர்த்து 36 இஞ்ச், அதாவது சுமார் 91 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் எடுத்தால் தாராளம். பத்து வயதுப் பையனின் அரைக்கைச் சட்டைக்கு 58 அகலத்தில் ஒரு மீட்டர் போதும். அதே சட்டைக்கு 36 அகலத் துணி என்றால் முன்பக்கமும் பின்பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் அமராது, ஒன்றின் கீழ் ஒன்றாக வெட்ட வேண்டும். அதனால் ஒன்றரை மீட்டர். மீட்டர் விலை குறைவு என்று அகலம் குறைந்த துணியை எடுத்துவிட்டு, மொத்தத்தில் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.

பெண் பிள்ளைகளின் மடிப்புப் பாவாடைக்கு ஒரு கணக்கு உண்டு. மடிப்பின் மேல் மடிப்பு முழுதாக விழ வேண்டுமானால் இடுப்பளவைப்போல் மூன்று மடங்கு துணி சுற்ற வேண்டும். 24 இஞ்ச் இடுப்புக்கு 72 இஞ்ச். 58 அகலம் ஒரு சுற்றுக்குப் போதாது, இரண்டு பட்டி வேண்டும். பாவாடை நீளம் 22, மடிப்புக்கும் இடுப்புக்கும் 4, ஆக 26. இரண்டு பட்டிக்கு 52 இஞ்ச், 1.3 மீட்டர் வரும். ஒரு மீட்டரில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நீளம் குறையும், இல்லாவிட்டால் இடுப்பில் ஒட்டு விழும். பட்டி அகலத்தில் மிஞ்சுவதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கெட் கிழிந்தால் அதே தானின் துணி வேறெங்கும் கிடைக்காது.

காட்டன் கலந்த துணியைத் தைக்கக் கொடுக்குமுன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவையுங்கள். தனிக் காட்டன் முதல் சலவையில் மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்கும். பாலியஸ்டர் கூடுதலாக இருந்தால் இது தேவையில்லை. எது எதுவென்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காட்டன் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உருளும். மழைக்காலத்தில் ராத்திரி துவைத்துக் காலையில் போட வேண்டிய வீட்டுக்குப் பாலியஸ்டர் கலந்ததே நல்லது. மார்ச் வெயிலில் வியர்க்கும்தான். இரண்டில் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆறிலிருந்து பதினொன்று வயது வரை பிள்ளை வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர், சுமார் இரண்டு இஞ்ச், வளரும். அதில் ஒரு பங்குதான் காலில் ஏறும். அதனால் பேண்டின் கீழ் மூன்று இஞ்ச் உள்மடிப்பு ஒரு வருஷத்தைத் தாண்டிப் போகும். எட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் வேறு கணக்கு. திடீரென்று நீளுவார்கள். அவர்களுக்கு நான்கு இஞ்ச் விட்டு, செட்டும் இரண்டுக்கு மேல் தைக்காமல் நிறுத்துங்கள். தையல்காரரிடம் வாயால் சொன்னால் மறந்துவிடுவார். ‘அண்ணா, அடியில மூணு இஞ்ச், ரெண்டு பக்கத் தையல்ல ஒவ்வொரு இஞ்ச் உள்ள விடுங்க, ஓவர்லாக் அடிச்சு வெட்டிடாதீங்க’ என்று சொல்லி, அளவுச் சீட்டிலேயே எழுத வைக்க வேண்டும். ஓவர்லாக் மெஷின் ஓரத்தை வெட்டிக்கொண்டேதான் தைக்கும். அது ஓடிவிட்டால் உள்ளே விட்ட துணி குப்பைக்குப் போய்விடும்.

மடிப்பைப் பிரிக்கும்போது பழைய கோடு வெளுத்துத் தெரிவது எல்லார் வீட்டிலும் உள்ள தொல்லை. மடிப்பு விளிம்பு தரையில் உரசி நைந்திருப்பதால் வருகிற கோடு அது. ஆறு மாதம் விடாமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை அரை இஞ்ச் இறக்கித் தைத்தால் ஒரே இடம் தேயாது. ஏற்கனவே விழுந்த கோட்டுக்கு, வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து துணியில் நனைத்துக் கோட்டின்மேல் வைத்து இஸ்திரி போட்டால் மடிப்பின் தடம் போகும். வெளுத்த நிறம் திரும்பாது. அதை மறைக்க ஒரு வரி தையல் ஓட்டிவிடுவதுதான் வழி.

சட்டையில் முதலில் போவது காலர். கழுத்தில் உரசுகிற மடிப்பு நைந்து வெள்ளை நூல் தெரியும்போது சட்டையின் மற்ற பாகமெல்லாம் திடமாகத்தான் இருக்கும். காலர் பட்டையிலிருந்து காலரைப் பிரித்து, மேல்பக்கத்தைக் கீழாகத் திருப்பித் தைத்துவிட்டால் நைந்த பகுதி உள்ளே போய்விடும். அரை மணி நேர வேலை. பெரிய கடைகளில் இதைச் செய்ய மாட்டார்கள், தெருமுனையில் மெஷின் போட்டிருக்கிறவரைக் கேளுங்கள்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தண்ணீர் வெள்ளைச் சட்டைக்கு எதிரி. போர் தண்ணீரில் உப்பு அதிகம், சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் துணியில் ஒட்டும், நாலு சலவையில் சட்டை சாம்பல் பூத்துவிடும். நுரை வரவில்லை என்று சோப்பை அள்ளிப் போட்டால் இன்னும் மோசம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வருகிற வீட்டில் கடைசி அலசலுக்கு மட்டும் அதில் ஒரு வாளி எடுத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பழுப்பேறிய சட்டைக்கு ப்ளீச்சிங் போடாதீர்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால் மஞ்சள் கூடத்தான் செய்யும். இதே சாக்கில் இன்னொன்று: பிள்ளையின் பாட்டிலிலும் ஒகேனக்கல் தண்ணீரையே ஊற்றுங்கள். இந்த மாவட்டங்களில் பல ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு உண்டு, அதற்காகத்தான் அந்தத் திட்டமே வந்தது. கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது.

நோட்டு

லிஸ்ட் வருமுன் நோட்டு வாங்கினால் பாதி தப்பும். ஒரு ஆசிரியர் கோடு போட்டது கேட்பார், இன்னொருவர் கோடு போடாதது கேட்பார், கணக்குக்குக் கட்டம் வேண்டும் என்பார்கள், ஆங்கிலத்துக்கு நான்கு கோடு. ஏழாம் வகுப்பு வரை மாநிலப் பாடத்திட்டத்தில் மூன்று பருவம் என்பதால் ஒரு பருவத்துக்கு மட்டும் வாங்கினால் போதும். மிச்சம் செப்டம்பரில் நெரிசலில்லாமல் கிடைக்கும்.

கடையில் குயர் கணக்கில் பேசுவார்கள். ஒரு குயர் 24 தாள், மடித்தால் 96 பக்கம். இரண்டு குயர் 192. ஒப்பிடுவதற்கு நோட்டின் விலையைப் பார்க்காமல் பக்கத்தின் விலையைப் பாருங்கள். 96 பக்கம் 30 ரூபாய் என்றால் பக்கம் 31 பைசா. 192 பக்கம் 50 ரூபாய் என்றால் 26 பைசா. ஆனால் பின்னட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பதையும் படியுங்கள். பல நோட்டுகளில் அட்டையையும் பக்கக் கணக்கில் சேர்த்திருப்பார்கள். நோட்டின் உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் கணக்கு மாறிப்போகும், இரண்டு நோட்டை முதுகோடு முதுகு சேர்த்து வைத்தால் தெரிந்துவிடும்.

தாளைச் சோதிக்க, பிள்ளை எழுதுகிற அதே பேனாவைக் கையோடு கொண்டுபோங்கள். கடைசித் தாளின் ஓரத்தில் ஒரே இடத்தில் ஐந்து தடவை அழுத்திக் கோடு போட்டுத் திருப்பிப் பாருங்கள். மை மறுபக்கம் ஊறினால் அந்த நோட்டில் ஒரு பக்கம்தான் எழுத முடியும், விலை இரட்டிப்பு. அப்புறம் நடுப்பக்கம். 192 பக்க நோட்டை வெறும் பின் அடித்து முடித்திருந்தால் தீபாவளிக்குள் நடுத்தாள் கழன்றுவிடும். பெரிய நோட்டு நூல் தையலாக இருக்கட்டும், 96 பக்க நோட்டுக்கு பின் அடித்திருந்தால் போதும்.

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஜியோமெட்ரி பாக்ஸுக்கு 5 சதவீதம். மொத்தமாக வாங்கும்போது பில்லில் நோட்டுக்கு வரி போட்டிருந்தால் கேளுங்கள்.

டஜன் கணக்கில் எடுத்தால்தான் மொத்த விலை. ஒரு வீட்டுக்கு ஒரே வகையில் ஒரு டஜன் தேவைப்படாது. இதற்கு மகளிர் குழு நல்ல வழி. தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் நம் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின, ஊருக்கு ஊர் குழு இருக்கிறது. ஜூன் இரண்டாம் வாரக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் லிஸ்ட்டைக் கொண்டுவந்து, வகைவாரியாகக் கூட்டி, இரண்டு பேர் மட்டும் டவுனுக்குப் போய்வரலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சாமான் வந்தபிறகு வசூலிப்பது கசப்பில் முடியும்.

அட்டை போடுகிற பிரவுன் பேப்பருக்கும் அளவு சொல்லிவிடுகிறேன். 24 சென்டிமீட்டர் உயரம், 18 அகலம் உள்ள நோட்டுக்கு, விரித்தால் 36, இரு பக்கமும் ஆறு ஆறு மடக்க 48. உயரத்தில் மேலும் கீழும் மூன்று மூன்று சேர்த்து 30. அரை மீட்டர் அகல ரோல் என்றால் ஒரு நோட்டுக்கு 30 சென்டிமீட்டர், பத்து மீட்டரில் 33 நோட்டு. பள்ளி என்ன நிறம் கேட்கிறது என்று தெரியுமுன் ஒன்றுக்கும் அட்டை போடாதீர்கள், பெயரும் எழுதாதீர்கள். எழுதிய நோட்டைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

தனியார் பள்ளியில் புத்தகம், நோட்டு, டை, பெல்ட் எல்லாம் ஒரே கட்டாகக் கொடுத்து ஒரே தொகை கேட்டால், பொருள்வாரியாக எழுதின பில் கேளுங்கள். பெல்ட்டும் டையும் போன வருஷத்தது நன்றாக இருந்தால் கழித்துத் தரச் சொல்லலாம். சில இடத்தில் ஒப்புக்கொள்வார்கள், சில இடத்தில் முகத்தைச் சுளிப்பார்கள். மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் பழையது கிடைத்தால் எடுங்கள், ஆனால் எந்த வருஷப் பதிப்பு என்று பார்க்காமல் எடுக்காதீர்கள். ஓசூர்க்காரர்களுக்கு, பழைய புத்தகக் கடைகள் இருக்கிற பெங்களூரு அவென்யூ ரோடு எட்டுகிற தூரம்தான்.

ஷூவும் பையும்

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் முழு அளவில் இருக்கும். சாக்ஸ் போட்டு, நிற்கவைத்து, இரண்டு காலிலும் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசம் எட்டரை மில்லிமீட்டர்தான், ஆகவே ஒரு சைஸ் கூடுதல் சரி. இரண்டு சைஸ் கூட்டிப் பஞ்சு அடைத்துக் கொடுத்தால் குதிகால் தூக்கும், ஷூ மடிய வேண்டிய இடம் மாறி முன்பக்கம் வெடிக்கும். பசை மட்டும் வைத்த அடியை வாங்கிய வாரமே செருப்பு தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றித் தையல் போட்டுவிடுங்கள். சாக்ஸ் மூன்று ஜோடியும் ஒரே மாதிரி. ஒன்று தொலைந்தால் மீதி ஐந்தும் வீணாகாது.

பையின் படத்தைப் பிள்ளை பார்க்கட்டும், நீங்கள் எடையைப் பாருங்கள். மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை, மொத்தச் சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 20 கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. வெறும் பையே 800 கிராம், பாட்டில் தண்ணீர் 700 கிராம் என்றால் புத்தகத்துக்கு அரைக் கிலோதான் மிச்சம். தோளில் மாட்டுகிற பட்டை பையோடு சேரும் இடத்தில் பெட்டிபோல் நான்கு பக்கமும் தைத்து நடுவில் குறுக்குத் தையல் இருக்க வேண்டும். ஜிப் திறந்துகொண்டால் பையைத் தூக்கி எறியாதீர்கள். பல் நன்றாக இருந்து ரன்னர் (பிடித்து இழுக்கிற பகுதி) தேய்ந்திருந்தால், பை தைப்பவர் ரன்னரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்.

மழைக்கோட்டை ஜூனில் வாங்க வேண்டாம். நம் பக்கம் பெருமழை ஆகஸ்ட் கடைசியிலிருந்துதான் பிடிக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்கள் ஸ்வெட்டருக்கும் நவம்பர் வரை பொறுக்கலாம், பிள்ளையின் கை நீளம் அதற்குள் மாறியிருக்கும். மூன்றாவது செட் சீருடைக்கு அரையாண்டு லீவில் புதிதாக அளவெடுங்கள். மே மாத அளவுச் சீட்டைத் தையல்காரர் எடுத்து நீட்டுவார், வாங்கிக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.